ஒச்சாயியின் சும்மாடு

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் எங்கள் செட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. வியாபாரியோடு கூலி பேசி முடிந்ததும் அவரவர் தலையிலிருக்கும் சும்மாட்டை எடுத்துத் தரையில் வைப்போம். மூட்டை தலையை அழுத்தாமல் இருக்கச் சுருட்டி வைத்துக்கொள்ளும் துண்டுதான் சும்மாடு. எல்லாச் சும்மாடும் தரைக்கு வந்துவிட்டால் பேச்சு முடிந்தது. ஒருத்தன் வைக்காமல் நின்றாலும் முடியவில்லை. திரும்ப முதலிலிருந்து பேச வேண்டும். எழுத்துத் தெரியாதவர்கள் கண்டுபிடித்த கையெழுத்து அது. நான் இப்போது எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். இருந்தாலும் தாளைவிடச் சும்மாட்டைத்தான் அதிகம் நம்புவேன்.

எழுத்து எனக்கு ஐம்பதை நெருங்கும் வயதில் வந்தது. சங்க ஆபீசில் மாலை வகுப்பு நடந்தது. அங்கே படித்ததைப் பஸ் போர்டில் சரிபார்த்துக்கொள்வேன். திருமங்கலம், மேலூர், நத்தம் என்று ஒவ்வொரு ஊராக வாய்க்குள் வந்தது. அப்புறம் கை சும்மா இருக்கவில்லை. மூட்டை தூக்கும்போது நாங்கள் கத்தும் கத்தலை ஒரு நாள் தாளில் எழுதிப் பார்த்தேன்.

ஊருக்கெல்லாம் மணமாலை – நம்ம
ஒடம்புக்கெல்லாம் மூட்டை வேலை
ஏத்து மாப்ள ஏத்து – பூ
வாடும் முன்னே ஏத்து

இரண்டாவது அடி எங்கள் செட்டு அழகுபாண்டி சொன்னது. 'ஏத்து மாப்ள' என்பது மார்க்கெட்டில் எல்லோரும் கத்துவது. பூவை எடை போட்டுக் கட்டும் தமிழ்வாணி அதை ராகம் போட்டுப் பாடினாள். டீக்கடை ஒச்சாயி, டீயை ஆற்றிவிட்டுக் கரண்டியால் கண்ணாடி கிளாசில் தட்டினாள். டக், டக்டக். அந்தத் தட்டில்தான் பாட்டுக்குக் கால் முளைத்தது.

ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்கு மேலே சின்னதாக ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கும் சாஜித்திடம் போனோம். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி வைத்திருந்தான். பாட்டைப் பதிந்துவிட்டு, போனில் எல்லோரும் கேட்கிற மாதிரி ஆன்லைனில் ஏற்றப் போனான்.

"அண்ணே, பாட்ட உருவாக்குனவங்க பேரு கேக்குது. ஒங்க பேரப் போட்டுரவா?"

"எழுதிக்க. விருமாண்டி, முத்திருளன், அழகுபாண்டி..." என்று என் பேரில் தொடங்கிச் செட்டில் இருந்த ஏழு பேரையும் சொன்னேன். "அப்புறம் தமிழ்வாணி, ஒச்சாயி."

சாஜித் சிரித்தான். "என்னண்ணே, ரேசன் கடை வரிசையா? எழுதுனது நீங்க ஒரு ஆளு. டீக்கடை அக்கா பேரெல்லாம் எதுக்கு?"

"மூட்டை ஒருத்தன் தலையிலதான் இருக்கும் தம்பி. தூக்கிவிட்டவனுக்கும் கூலி உண்டுல்ல?"

"பின்னாடி ஏதாவது பண்ணணும்னா ஒம்போது பேரும் சம்மதிக்கணுமேண்ணே."

"சம்மதிப்பாக."

"சரி, ஒங்க பாடு." ஒன்பது பேரையும் சம பங்கில் ஏற்றினான். அவன் பேரையும் போடச் சொன்னேன். ரெக்கார்டிங் கூலி வாங்கிவிட்டேன், அது போதும் என்றான்.

பாட்டு ஓடியது. முதலில் கல்யாண வீடுகளில் மாலை மாற்றும்போது போட்டார்கள். பிறகு டவுன் பஸ்ஸில். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் காலேஜ் பிள்ளைகள் அதற்கு ஆடிப் போட்ட வீடியோவை அழகுபாண்டி எல்லோருக்கும் காட்டினான். பணமும் வந்தது. ஆனால் சொட்டுச் சொட்டாக, அதுவும் மாசக் கணக்கில் பிந்தி.

"ஒரு ஆளு ஒரு தடவ கேட்டா, பைசாவுல ஒரு துளி வரும். அம்புட்டுத்தான்" என்றான் சாஜித். "ஆனா ஒரு வழி இருக்கு. நம்மள மாதிரி ஆளுகளுக்குன்னு ஒரு உதவி நிதி வச்சிருக்காங்க. பாட்டு எப்படி ஓடுதுன்னு பாப்பாங்க. இனி வரப்போற பணத்த இப்பவே மொத்தமாக் குடுப்பாங்க. மாசாமாசம் வாரதுல கழிச்சுக்குவாங்க. கழிஞ்சதும் மறுபடி நமக்குத்தான்."

முத்திருளன் அண்ணன் துண்டை உதறினார். செட்டுக்கு மூத்தவர் அவர். "முன்பணமா? கமிசன் கடைக்காரன்கிட்ட முன்பணம் வாங்குன பூந்தோட்டச் சம்சாரிய நான் பாக்காததா? செடி இவன் தோட்டத்துல நிக்கும், பூவு அவன் சொன்ன வெலைக்குப் போகும்."

"இதுல வெலைய எவனும் கொறைக்க முடியாதுண்ணே. கொஞ்ச நாளைக்குப் பூவு அவங்களுக்குப் போகும். செடி நம்மளது."

"பாட்டு ஓடலேன்னா?"

"ஓடுற வரைக்கும் காத்திருப்பாங்க. வீட்டு வாசல்ல வந்து நிக்க மாட்டாங்க."

எழுதிப் போட்டோம். பதில் வர நாளாகும் என்றார்கள்.

அதற்குள் அருள்பாண்டி வந்துவிட்டார். பாட்டுகளை மொத்தமாக விலைக்கு வாங்கிக் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் தரகர். காலை நெருக்கடி ஓய்ந்து நாங்கள் ஒச்சாயி கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம். வெள்ளைச் சட்டையில் மல்லிகை இதழ் ஒட்டியிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டபடி பேசினார்.

"அண்ணே, ஒங்க பாட்டு ஊரையே கலக்குது. மொத்தமாக் குடுத்துருங்க. ஒரே தொகை, இன்னைக்கே கையில."

தொகையைச் சொன்னார். அழகுபாண்டி குடித்துக்கொண்டிருந்த டீயை விழுங்க மறந்துவிட்டான்.

"குடுத்துட்டா?" என்று கேட்டேன்.

"அப்புறம் பாட்டு கம்பெனியோடது. அவுக சினிமாவுல போடுவாக, விளம்பரத்துல போடுவாக. அது அவுக இஷ்டம்."

"பேரு?"

"பேரு எதுக்குண்ணே? பேர வச்சு அரிசி வாங்கவா போறீங்க? கம்பெனி ஆளு பேரு வரும்."

யாரும் சிரிக்கவில்லை. முத்திருளன் அண்ணன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அழகுபாண்டியின் ஆட்டோவைத் தவணைக்காரன் எடுத்துப் போய்விட்டான். எனக்கு வலது தோள்பட்டை தூங்கவிடாது. அந்தப் பணம் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் மூட்டை மாதிரி வந்து உட்கார்ந்தது.

ஆனால் என் கையால் எழுதிய முதல் பாட்டு அது. அதை இனிமேல் பஸ்ஸில் கேட்டால், யாரோ ஒருத்தன் பாட்டு என்று நினைத்துக்கொண்டு நடக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நான் சும்மாட்டை வைக்காவிட்டால் போதும். அப்படிச் சொன்னால் ஒரு கல்யாணமும் ஓர் ஆட்டோவும் என் ஒருத்தன் பிடிவாதத்தில் நின்றுபோகும். பங்கு கொடுத்தவன் நான். பசிக்கிறவனைப் பார்த்து, என் பாட்டைத் தொடாதே என்று எந்த வாயால் சொல்ல?

முத்திருளன் அண்ணன் முதலில் தலைத்துண்டை எடுத்துத் தரையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அடுத்து அழகுபாண்டி. அப்புறம் மற்றவர்கள் ஒவ்வொருவராக. தமிழ்வாணி சும்மாடு இல்லாததால் பூக்கூடையை மூடும் ஈரத்துணியை வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. கடைசியாக நான் குனிந்தேன். வைத்துவிட்டேன்.

அருள்பாண்டி பையைத் திறந்து தாள்களை எடுத்தார். "நல்ல காரியம். யாரு அந்த ஒச்சாயி? ஒரு கையெழுத்து..."

"நாந்தான்" என்றாள் ஒச்சாயி. டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "எனக்கு இஷ்டமில்ல."

பெஞ்சு அப்படியே நிமிர்ந்தது.

"ஏத்தா, வெளையாடாத" என்றார் முத்திருளன் அண்ணன். "ஒனக்கும் ஒரு பங்கு வருதுல்ல?"

"வருது மாமா. வேணாங்குறேன்."

"நீ செஞ்சது என்ன? கிளாசத் தட்டுன. அதுக்கு இம்புட்டு வீறாப்பா?"

"ஆமா, கிளாசத்தான் தட்டுனேன். அதுக்கு எம் பேரப் போட்டாரு விருமாண்டி அண்ணே. இந்த மார்க்கெட்டுல இம்புட்டு வருசமா டீ ஆத்துறேன், எம் பேரு என்னான்னு எவனாவது கேட்டிருக்கீகளா? டீக்கடை, டீக்கடைன்னுதான கூப்புடுறீக? பாட்டுலதான் ஒச்சாயின்னு இருக்கு."

அருள்பாண்டி பொறுமையாகச் சிரித்தார். "அக்கா, பேரு சோறு போடாது."

ஒச்சாயி டீக் குவளையைக் கீழே வைத்தாள். கிளாஸ் துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி, சுத்திப் பாருங்க. இங்கன வாரவுக எல்லாரும் பூ விக்கிறவுகதான். எவனாவது செடியப் புடுங்கியாந்து தராசுல வச்சிருக்கானா? நாளைக்கும் பூக்குற செடிய இன்னைக்கு வெறகு வெலைக்குக் கேக்குறீக. போயிட்டு வாங்க. டீக்குக் காசு வேணாம்."

பேச்சு முடியவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். வழக்கம் வழக்கம்தான். முத்திருளன் அண்ணனே அதை மீற முடியாது. அவர் தன் துண்டைத் தரையிலிருந்து எடுத்து, முகத்தில் அறைகிற மாதிரி உதறித் தலையில் கட்டிக்கொண்டு போனார். நான் என்னுடையதைச் சந்தோஷமாகத்தான் எடுத்தேன். ஆனால் ஒச்சாயியிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல அந்த இடத்தில் எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் அவளுக்கு நல்ல வாரங்கள் அல்ல. செட்டில் பாதிப் பேர் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். "பெரிய மியூசிக் டைரக்டரம்மா, கும்புடுறேன்" என்று அழகுபாண்டி கை கூப்பிவிட்டுப் போவான். "கும்புடு, கும்புடு, பழைய பாக்கியும் சேத்துக் கும்புடு" என்பாள் அவள். முத்திருளன் அண்ணன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நான் மட்டும் தினமும் போய் இரண்டு டீ குடித்தேன். எனக்குத் தெரிந்த நன்றி அவ்வளவுதான்.

ஒரு நாள் சாஜித் பைக்கை மார்க்கெட்டுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். வழியெல்லாம் பூக்காரர்கள் திட்டினார்கள். அவன் காதில் எதுவும் விழவில்லை.

"அண்ணே, கெடைச்சிருச்சு! நிதி சரின்னுட்டாங்க!"

தாள்களைப் பெஞ்சில் விரித்தான். வாய்விட்டு ஒவ்வொரு வரியாக நான் படித்தேன். எல்லோரும் சுற்றி நின்று கேட்டார்கள். பாட்டு எங்கள் ஒன்பது பேருடையது. முன்பணம் கழியும் வரை வருமானத்தில் ஒரு பகுதி அவர்களுக்கு. அதற்குப் பின் முழுவதும் எங்களுக்கு. அருள்பாண்டி சொன்ன தொகையில் முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. அடுத்த பாட்டுகளைப் பதியத் தனியாக ஓர் உதவியும் சேர்த்திருந்தார்கள்.

"செடி?" என்று கேட்டார் முத்திருளன் அண்ணன். குரல் இறங்கியிருந்தது.

"நம்மளதுதாண்ணே" என்றேன்.

துண்டுகள் தரைக்கு வந்தன. இந்த முறை தமிழ்வாணிதான் முதலில் வைத்தாள். ஒச்சாயி தோளில் கிடந்த கிளாஸ் துணியை எடுத்து, நாலாக மடித்து, எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்தாள். பிறகுதான் கையெழுத்து. என் பேரை எழுத்துக் கூட்டி, கொம்பு, புள்ளி எதுவும் விடாமல் எழுதினேன். வாழ்நாள் முழுக்கக் கைநாட்டு வைத்த விரல் அது.

பணம் வந்த காலை, நாங்கள் பெஞ்சில்தான் இருந்தோம். தமிழ்வாணியின் போன் முதலில் சத்தம் போட்டது. அடுத்து அழகுபாண்டியுடையது. பிறகு என் பையில். டிங், டிங்டிங் என்று மார்க்கெட்டுக்குள் மணியடித்த மாதிரி ஆகிவிட்டது. அழகுபாண்டி தவணைக்காரனுக்குப் போன் போட்டு, "எம் வண்டியக் கழுவி வையி, வாரேன்" என்று கத்தினான்.

ஒச்சாயியின் போன் மட்டும் சத்தம் போடவில்லை.

எல்லோரும் சர்க்கரை டப்பா மேல் கிடந்த அந்தப் பட்டன் போனையே பார்த்தோம். அவள் பார்க்கவில்லை, பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வராட்டி வராட்டும். அதுக்காக டீய ஆறவிடுவீகளா?" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, போன் டப்பாவின் மேல் துள்ளியது. அழகுபாண்டி விசிலடித்தான். பக்கத்துக் கடை ஆட்கள்கூட என்ன ஏது என்று தெரியாமல் கை தட்டினார்கள். அப்போதுதான் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புச் சூடாம்.

முத்திருளன் அண்ணன் எழுந்தார். எங்கேயோ போய்விட்டுச் சற்று நேரத்தில் திரும்பி வந்தார். கையில் புதுச் சிவப்புத் துண்டு, கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. அதை அவரே சுருட்டி, வட்டமாக முறுக்கி, சும்மாடாக ஒச்சாயியிடம் நீட்டினார்.

"செட்டுக்காரிக்குச் சொந்தமா ஒண்ணு வேணாமா? கிளாசு தொடைக்கிற துணியையே எத்தன நாளைக்கு வைப்ப?"

"மூட்டையும் தூக்கணுமா மாமா?"

"நீ எங்க எல்லாரையும் தூக்கிட்ட. போதும். ஒரு டீ போடு."

ஒச்சாயி சும்மாட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அப்படியே திரும்பி நின்று டீ ஆற்றினாள். சும்மாடு அசையவில்லை. கரண்டி கிளாசில் பட்டது. டக், டக்டக். தமிழ்வாணி தராசுப் பக்கமிருந்து அடி எடுத்துக் கொடுத்தாள்.

"ஏத்து மாப்ள ஏத்து!" என்று நாங்கள் கத்திய கத்தல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.