லோரியின் மூன்றாவது எழுத்து

விமலனுக்கு இங்கிலீஷ் என்றாலே பயம். கிள்ளானில் தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி என்று வளர்ந்தவன். டாக்சி என்று எழுதச் சொன்னால் மலாயில் எழுதுவதுபோல 'டி, இ, கே, எஸ், ஐ' என்றுதான் கை போகும். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பிளாஸ்டிக் பேக்டரியில் பத்து வருஷமாக ஒரே மெஷினைக் கட்டிக்கொண்டு நின்றான். சூப்பர்வைசர் ஆக வேண்டுமானால் இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதத் தெரிய வேண்டும் என்றார்கள். அதற்காக அவன் மனைவி சந்திரகலா கண்டுபிடித்ததுதான் அந்த விளையாட்டு.

அவள் அதே பேக்டரியில் ஸ்டோர் கிளார்க். தினமும் காலை ஆறேகாலுக்கு அவன் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொள்வாள். பந்திங் சாலையில் முன்னால் போகும் லோரியின் நம்பர் பிளேட்டில் மூன்று எழுத்து இருக்கும். அந்த மூன்றும் எந்த வரிசையிலாவது வருகிற ஓர் இங்கிலீஷ் சொல்லை யார் முதலில் சொல்கிறாரோ அவருக்கு வெற்றி. தோற்றவர் அன்றிரவு பாத்திரம் கழுவ வேண்டும். எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்களை இருவரும் பார்ப்பதே இல்லை.

இரண்டு வருஷத்தில் விமலன் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. நடுவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சந்திரகலாவேதான். பள்ளிப் பரீட்சையில் இங்கிலீஷில் 'ஏ' எடுத்தவள் என்ற தலைக்கனம் கொஞ்சம் உண்டு. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கழுவுவான். அந்த நல்ல மனசுதான் அவளைக் கெடுத்தது.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முன்னால் கோலாலம்பூரில் பதிந்த ஒரு கே.எல். லோரி போய்க்கொண்டிருந்தது. இருவருக்கும் சொல் கிடைக்கவில்லை. ஒரு மைல் தூரம் திணறினார்கள். அப்புறம் விமலன் சொன்னான்.

"பிவாக்."

"என்னது?"

"பிவாக் லா. காட்டுல கூடாரம் இல்லாம படுக்கிறது. கடெட் கேம்ப்ல நாங்க படுத்திருக்கோம்."

"அது மலாய். செல்லாது."

"இங்கிலீஷ்தான் கலா. சத்தியமா."

"இல்லங்க. அப்படி ஒரு வார்த்தை இங்கிலீஷ்லயே இல்ல. பாத்திரம் உங்களுக்குத்தான்."

அவன் சிரித்துக்கொண்டே தலையைப் பின்னால் திருப்பினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து லோரி பிரேக் போட்டது. அதன் பின்விளக்கு எரியவில்லை. மோட்டார் சைக்கிள் அப்படியே போய் மோதியது. லோரி நிற்காமல் போய்விட்டது.

சந்திரகலாவுக்கு வலது கை முறிந்தது. விமலன் அந்த இடத்திலேயே போய்விட்டான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து போலீஸ் சார்ஜன் ராஜன் நம்பர் பிளேட்டைக் கேட்டார். அவள் கண்ணை மூடினாள். எழுத்துகள் முழுதாக வரவில்லை. அவன் சொன்ன சொல்தான் வந்தது. கடைசியாகக் கேட்ட சொல் எப்படி மறக்கும்? அதை வைத்துக் கணக்குப் போட்டாள். கே.எல். லோரி, முதல் எழுத்து 'வி', அடுத்தது 'பி' என்பது நினைவிருக்கிறது. பிவாக் என்பதை மலாயில் எழுதினால் 'பி, ஐ, வி, ஏ, கே'. 'ஐ' மலேசிய நம்பர் பிளேட்டில் வராது. மூன்றாவது 'ஏ' என்றால் அவளே வெஜிடபிள் என்று கத்தியிருப்பாள். மிச்சம் இருப்பது 'கே'.

"வி, பி, கே."

"கடைசி எழுத்து உறுதியாக்கா?"

"உறுதிதான்."

அந்த எழுத்துகளில் இருந்த லோரிகளை எல்லாம் தேடிப் பார்த்தார்கள். ஒன்று கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் இருந்தது, ஒன்று எப்போதோ நொறுக்கப்பட்டுவிட்டது. மற்றவற்றில் எதுவும் அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை. மாதாமாதம் அவள் ஸ்டேஷனுக்கு நடந்தாள். டிரைவர் கிடைத்தால் குற்றம் அவன் தலையில் இறங்கும். கிடைக்காதவரை, மோட்டார் சைக்கிள் ஓட்டிய கணவனைத் திரும்ப வைத்தவள் தலையில். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலேயே சுமந்தாள்.

இப்போது பேக்டரி பஸ்ஸில் போகிறாள். பாழாய்ப்போன கண், இன்னமும் நம்பர் பிளேட்டைத்தான் தேடுகிறது. எழுத்துகளைத் தட்டினால் அவை வரும் சொற்களை எல்லாம் காட்டுகிற ஒரு பக்கத்தைப் போனில் வைத்திருந்தாள். நவம்பரில் ஒரு நாள் முன்னால் போன லோரியின் மூன்றாவது எழுத்தைச் சேறு மறைத்திருந்தது. தெரிந்தது 'வி'யும் 'பி'யும்தான். அந்த இரண்டை மட்டும் போட்டாள். நீளமாக ஒரு பட்டியல் வந்தது. விரலால் தள்ளிக்கொண்டே வந்தவள், வாயில் நுழையாத ஒரு சொல்லில் நின்றாள். 'பி, ஐ, வி, ஓ, யூ, ஏ, சி.'

பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் படத்தை அமுக்கினாள்.

"பிவாக்," என்றது ஒரு வெள்ளைக்காரியின் குரல்.

கீழே அர்த்தம் போட்டிருந்தது. கூடாரம் இல்லாமல் வெட்டவெளியில் தங்குவது. சந்திரகலா திரும்பத் திரும்ப அமுக்கினாள். முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். கடைசி எழுத்து 'கே' இல்லை, 'சி'. மலாய்தான் என்று அடம்பிடித்த அதே வாயால் போலீசுக்கும் மலாய் எழுத்தைச் சொல்லியிருக்கிறாள்.

வேலைக்குப் போகாமல் நேராக ஸ்டேஷனுக்குப் போனாள். ராஜன் கோப்பை எடுத்துப் பழைய தாள்களைப் புரட்டினார். ஒரு தாளில் அவர் விரல் நின்றது.

"பெட்ரோல் எண்ணெய்க் கடை கேமராவுல அன்னைக்கு வி, பி, சி-ன்னு ஒரு லோரி வந்திருக்குக்கா. நீங்க கே-ன்னு உறுதியா சொன்னீங்க. அதனால அதை விட்டுட்டோம்."

"இப்ப பிடிக்க முடியாதா, சார்?"

"தேடுறோம். லோரி கிடைக்கலாம். ஆனா படம் அழிஞ்சு போச்சு, மோதுன அடையாளத்தையும் இந்நேரம் பெயின்ட் அடிச்சிருப்பான். எதை வச்சு நிரூபிக்கிறது?"

அவர் வாக்குமூலத்தில் 'கே'யை அடித்துவிட்டு 'சி' என்று எழுதினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"தப்பு எப்படி வந்துச்சுன்னு ஒரு வரி எழுதணும்கா."

"என் தப்புன்னு எழுதுங்க. அவர் சரியாத்தான் சொன்னாரு."

முறிந்து, வளைவாகக் கூடிய கையால் கையெழுத்துப் போட்டாள்.

அன்று இரவு தொட்டிக்கு முன்னால் நின்று குழாயைத் திறந்தாள். எட்டு மாதமாகத் தினமும் அவள்தான் கழுவுகிறாள். ஆனால் தோற்றுக் கழுவுவது இதுதான் முதல் தடவை.

"இருக்குங்க," என்றாள் தண்ணீரைப் பார்த்து. "இங்கிலீஷ்லயும் இருக்கு. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

கழுவ வேண்டியிருந்தது ஒரே ஒரு தட்டுதான்.