ஞாயிற்றுக்கிழமை நோட்டு

'சிவப்பு நோட்டைப் பார்க்கவும்' என்று நீல நோட்டில் எழுதியிருந்தது. சிவப்பு நோட்டைப் புரட்டினால், அதே முத்து முத்தான கையெழுத்தில், 'மஞ்சள், பக்கம் 41' என்றிருந்தது. அவள் சிவப்பு நோட்டைத் தையல் மெஷின் மேல் பொத்தென்று போட்டாள். ஒரு அடையாள அட்டையை எங்கே வைத்தோம் என்று எழுத இத்தனை சுற்றா? செத்த பிறகும் மனுஷன் நிம்மதியாக இருக்க விடமாட்டார் போலிருக்கிறது.

அறைக் கதவைத் திறந்து கொழுந்தன் தலையை நீட்டினான். "கெடச்சுதா அண்ணி? பதினொரு மணிக்கு வண்டி வந்துரும். அட்டை இல்லாம போனா மயானத்துல பதிவு பண்ண மாட்டாங்களாம்."

"தேடிக்கிட்டுத்தானே இருக்கேன்? எல்லாரையும் மாதிரி பீரோவுல வச்சிருந்தா எடுத்துக் குடுத்திருக்க மாட்டேனா? உங்க அண்ணன் என்னவோ புதையலுக்கு வழி எழுதின மாதிரி எழுதி வச்சிருக்காரு."

"சரி சரி. வேற சட்டை ஒண்ணு குடுங்க, அண்ணனுக்கு மாத்தி விட்டுடறேன்." அவன் தயங்கினான். "அண்ணி, நேத்து ஞாயித்துக்கிழமைதானே? வெளிய போற சட்டையும் பேண்டும் போட்டுக்கிட்டு உக்காந்திருந்திருக்காரே, எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? அதுவும் ஏதாவது நோட்டுல எழுதியிருக்கும். போய்ப் பாருங்க."

அவள் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நேற்றுச் சாயங்காலம் வந்ததிலிருந்து அதே இடம்தான். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

அவர் பஸ் டிப்போவில் டூட்டி சார்ட் போடுகிறவர். நூற்றுப் பத்து வண்டி, அதற்கேற்ற ஓட்டுநர், கண்டக்டர், யாருக்கு லீவு, யாருக்குக் காய்ச்சல், யார் யாரோடு ஒரே வண்டியில் ஏறமாட்டேன் என்கிறான் என்று இருபத்தாறு வருஷம் கட்டம் போட்டுக் கட்டம் போட்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்தச் சார்ட் மேலேயே கவிழ்ந்து விழுந்தார். பிழைத்துக்கொண்டார். இனிமேல் எதையும் ஆற அமரச் செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மனதில் கிடந்து அரிப்பதையெல்லாம் இறக்கி வைக்கட்டுமே என்று அவள்தான் ஒரு டைரி வாங்கி வந்து கொடுத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை.

ஒன்று ஐந்தாயிற்று. டிப்போ வேலைக்கு நீலம். வீட்டுக்குச் சிவப்பு. நடை, மாத்திரை, தூக்கம் எல்லாம் பச்சையில். மனுஷர்களுக்கு மஞ்சள்: யாரைப் பார்க்கவேண்டும், யாரோடு பேசி நாளாயிற்று என்று. ஒவ்வொரு நாளுக்கும் மூன்றே மூன்று காரியம்தான், அதற்கு மேல் எழுதமாட்டார். முடித்தால் பக்கத்தில் உள்ள சின்னக் கட்டத்தில் ஒரு டிக். குழாய் ஒழுகுகிறது என்று திங்கட்கிழமை சொன்னால், "வெள்ளிக்கிழமை ரெண்டாவது காரியமாப் போட்டிருக்கேன்" என்பார். வெள்ளிக்கிழமை வரை பக்கெட்டை அவள்தான் மாற்றி வைக்கவேண்டும்.

எல்லா நோட்டிலும் முதல் பக்கத்தில் 'பதறாத காரியம் சிதறாது' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். பதறாவிட்டால் காரியமே நடக்காது என்பது அவள் கட்சி. ஹாலில் தையல் மெஷினைப் போட்டு, காலையில் வாங்கின பேண்ட்டைச் சாயங்காலம் நீளம் குறைத்துக் கொடுக்கிறவள் அவள். டிப்போவில் அவரை எல்லோரும் 'சார்ட்டு' என்றார்கள். அவர் இவளை 'எக்ஸ்பிரஸ்' என்று கூப்பிடுவார்.

ஐந்தாவது நோட்டுதான் அவள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது. சாம்பல் நிறம். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். அன்றைக்கு ஒன்றும் செய்யக்கூடாதாம். காலை ஒன்பது மணிக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கதவின் வெளிப்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'ஒன்பது முதல் நான்கு வரை ஒன்றும் இல்லை. தட்ட வேண்டாம்.' ஒன்றும் இல்லாததை எழுதுவதற்கு ஒரு நோட்டு! அதை அவள் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. வெற்றுத்தாளைப் பார்க்க அவளுக்கு என்ன பைத்தியமா?

ஹாலில் டிப்போவின் பெரிய டிரைவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரோடு வந்த பத்துப் பேர் வெளியே தெருவில் நின்றார்கள். அவர் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்திருப்பார்.

"சார்ட்டு ஒண்ணு சொல்லுவாரும்மா. ஏழு மணி வண்டி தினமும் ஏழேகாலுக்குத்தான் வருதுன்னா, அது லேட்டு இல்லடா, அதோட டைமே ஏழேகால்தான். சார்ட்டுல அப்படியே போட்டுரு, யாருக்கும் கோவம் வராதும்பாரு. எங்க யாரையும் அவரு திட்டினதே இல்ல."

"வீட்டுக்கு அந்த நியாயம் எல்லாம் கெடையாதுண்ணே," என்று அவள் மஞ்சள் நோட்டைப் புரட்டினாள். "வீட்டுல நாங்க ஒரு வார்த்தை பேசணும்னாலும் இடம் போட்டு வைக்கணும்."

அப்போதுதான் மகள் கேட்டாள். குரல் உயராமல், தலையைத் திருப்பாமல்.

"நீ எப்பவும் தட்டுவியேம்மா. நேத்து மட்டும் ஏன் தட்டல?"

பெரிய டிரைவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"கதவுல எழுதி ஒட்டியிருக்கே, உனக்குக் கண்ணு தெரியலையா?" என்றாள் அவள். "தட்டாத தட்டாதன்னு மூணு வருஷமா சொன்னாரு. ஒரு நாள் கேட்டேன். அதுக்கும் நான்தான் குத்தவாளியா?"

மகள் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். எதிர்த்துப் பேசியிருந்தால் பரவாயில்லை, இரண்டு வார்த்தை சண்டை போட்டிருக்கலாம்.

சனிக்கிழமை இரவு நடந்தது மகளுக்குத் தெரியாது. மகள் புதிதாக வாடகைக்குப் பிடித்த வீட்டை நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவள் சொன்னாள். அவர் மஞ்சள் நோட்டைத் திறந்தார். "ஞாயிறு வேண்டாம். புதன்கிழமை மூணாவது எடம் காலியா இருக்கு, போட்டுக்கலாம்" என்றார். பெற்ற பெண்ணின் வீட்டைப் பார்க்க மூணாவது இடம்! அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "இனிமே நான் வந்து அந்தக் கதவைத் தட்டினா என்னை ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சொன்னபடி செய்தாள். நேற்றுப் பத்தரை மணிக்கு நூல் வெட்டும் கத்தரியைக் காணவில்லை. அவர் மேஜையில்தான் இருக்கும். மற்ற ஞாயிறாக இருந்தால் தட்டியிருப்பாள். கத்தரி இல்லாவிட்டால் மூக்குக் கண்ணாடி, கண்ணாடி இல்லாவிட்டால் 'காஸ்காரன் வந்தானா' என்று ஒரு கேள்வி. நேற்று நூலைப் பல்லால் கடித்தாள். எழுந்து போகத் துடித்த காலை மெஷினின் மிதிகட்டையிலேயே வைத்து அழுத்தினாள். தானாக வெளியே வரட்டும், தட்டுகிறவள் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று தெரியட்டும் என்று நினைத்தாள். ஒரு மணிக்குச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைத்தாள், கூப்பிடவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அது தன் ஜெயம் என்று எண்ணிக்கொண்டு நாலு பேண்ட்டை முடித்தாள்.

நாலு மணிக்குக் கதவு திறக்கவில்லை. நாலு அடித்தால் நாலுக்கு வெளியே வருகிற மனுஷன். நாலு பத்துக்கு அவள் தட்டாமலே தள்ளிக்கொண்டு போனாள்.

பத்திலிருந்து பதினொன்றுக்குள் நடந்திருக்கும் என்றார் டாக்டர். "அப்பவே யாராவது பாத்திருந்தா" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதக் குனிந்துகொண்டார். முழுதாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். பிழைத்திருப்பார் என்றோ, பிழைத்திருக்கமாட்டார் என்றோ. அந்தப் பாதி வாக்கியத்தை நேற்றிலிருந்து அவள் இரண்டு விதமாகவும் முடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மஞ்சள் நோட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், 'அட்டை: சாம்பல் நோட்டு, பின் உறை' என்றிருந்தது.

"அந்தச் சாம்பல் நோட்டை எடுத்துக் குடுங்க," என்று அறை வாசலில் நின்று கையை நீட்டினாள். உள்ளே பார்க்கவில்லை. கொழுந்தன் நோட்டைக் கொடுத்து, சட்டையை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தினான்.

நோட்டின் ஓரங்கள் கறுத்துத் தேய்ந்திருந்தன. ஐந்திலும் அதிகம் புழங்கினது இதுதான் என்று கையில் வாங்கியதுமே தெரிந்தது. பின் உறையில் அட்டை இருந்தது. எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். வேலை முடிந்தது. ஆனால் நடுவில் தையல் தளர்ந்திருந்த இடத்தில் நோட்டு தானாகவே விரிந்துகொண்டது.

பக்கம் காலியாக இல்லை. ஒரே ஒரு வரி இருந்தது.

'10.30 எக்ஸ்பிரஸ்.' பக்கத்தில் சின்னக் கட்டம், டிக்குடன்.

அதற்குக் கீழே பொடி எழுத்தில், '10.34. கத்தரி.' அது போன மாதத்து ஞாயிறு. அடுத்த பக்கம்: '10.30 எக்ஸ்பிரஸ்.' டிக். '10.22. முந்தி வந்துவிட்டது. கண்ணாடி.' பின்னால் திருப்பினாள். மழைக்காலத்து ஞாயிறு, வெயில்காலத்து ஞாயிறு, அவருக்குக் காய்ச்சல் அடித்த ஞாயிறு. '10.31. மெஷினுக்கு எண்ணெய் எங்கே என்று. அவளிடமேதான் இருந்தது.' டிக். '10.40. ஒன்றுமில்லை, சும்மா.' டிக். மூன்று வருஷத்தில் ஒரு கட்டம்கூட விட்டுப்போகவில்லை. ஒன்பதிலிருந்து நாலு வரை வேறு எதுவும் எழுதவும் இல்லை.

அவளுக்குச் சட்டென்று பற்றிக்கொண்டு வந்தது. இதை வாயைத் திறந்து சொன்னால் என்ன? தட்டவேண்டாம் என்று கதவுக்கு வெளியே ஒட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்து, தட்டுவாள் என்று கட்டம் போட்டு வைப்பதா? இந்த மனுஷனை என்ன செய்வது?

பிறகு நேற்றைய பக்கத்துக்குத் திருப்பினாள்.

'10.30 எக்ஸ்பிரஸ். வந்ததும் கிளம்பி மகள் வீடு.'

கட்டம் காலியாக இருந்தது.

"கெடச்சுதாம்மா?" மகள் அருகில் வந்து நின்றிருந்தாள்.

"ம்." நோட்டை மூடினாள்.

"எந்த நோட்டுல இருந்துச்சு?"

"ஏதோ ஒண்ணுல."

மகள் கையை நீட்டினாள். அட்டையை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். மகள் அதை வாங்கிக்கொண்டாள். "மூஞ்சியைக் கழுவிக்கம்மா, வண்டி வந்துரும்" என்று சொல்லிவிட்டு, பெரிய டிரைவரிடம் கொடுக்க வெளியே போனாள்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்தேழு. மெஷின் ஊசியில் ஒரு பேண்ட்டின் கால் நேற்றைய தையலோடு மாட்டியபடியே இருந்தது. எடுத்து மடிக்கலாம். செருப்புகளை ஒழுங்குபடுத்தலாம். வெளியே நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாம். அவள் எதையும் செய்யவில்லை. சாம்பல் நோட்டை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பெரிய முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று நிமிஷம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

பத்தரைக்கு எழுந்தாள். கதவில் அந்தத் தாள் ஒரு மூலை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே விரல் மடக்கி இரண்டு தட்டு தட்டினாள்.

"தொறந்துதான் இருக்கு, வாங்க அண்ணி," என்றான் கொழுந்தன் உள்ளே இருந்து.

அவள் கதவைத் தள்ளவில்லை. இன்னும் இரண்டு தட்டு தட்டிவிட்டு, நின்றாள்.