விலைக்கு முந்திய சொல்

சோங்கோல் ஏரிக்கரையில் மரம் கிடையாது. பல் குத்த ஒரு குச்சி வேண்டுமென்றாலும் மலைக்குக் கீழேயிருந்துதான் வர வேண்டும். அதனால் ஜிப்பாரின் முகாமில் எல்லாமே வரட்டிக் குவியலை நம்பித்தான் நடந்தது. விருந்தாளிகளுக்கு மூன்று கம்பளிக் கூடாரங்கள், அவளும் புருஷன் குபாத்தும் இருக்க ஒன்று. நான்கிலும் அடுப்பு உண்டு. நான்கு அடுப்பும் தின்பது வரட்டியைத்தான்.

வரட்டியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெயில் காயும் ஜூன், ஜூலையிலேயே மேய்ச்சல்வெளியில் உலர்ந்து கிடக்கும் சாணத்தைப் பொறுக்கி அடுக்கிவிட வேண்டும். ஆகஸ்ட் பிறந்தால் மழையும் ஆலங்கட்டியும்தான். அப்புறம் சாணம் காயாது. காயாத சாணம் புகையுமே தவிர எரியாது. ஜூலைக் கடைசியில் குவியல் எந்த உயரமோ, அதுதான் அந்த வருஷத்து முகாமின் ஆயுள். காசு கொடுப்பவர்கள் வந்துகொண்டிருந்தால் லாரியில் நிலக்கரி வாங்கி ஈடுகட்டலாம். வராவிட்டால் குவியல் தீர்ந்த அன்று கூடாரத்தைப் பிரிக்க வேண்டியதுதான்.

"தரையில படுக்கிறதுக்கு ஆயிரத்து ஐந்நூறு சோம் பணமா?" என்று சில விருந்தாளிகள் கேட்பார்கள். ஜிப்பாருக்குக் கோபம் வராது. அந்தக் கேள்வி அவளுக்குப் பிடிக்கும். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய்க் காட்டுவாள். ஏரித் தண்ணீரில் மாடு இறங்கும் என்பதால் குடிதண்ணீர் ஊற்றிலிருந்து குதிரைமேல் வருகிறது. அந்தியில் ஒரு வாளி வரட்டி, விடியுமுன் இன்னொரு வாளி. ரொட்டி, பாலாடை, பொரித்த மாவுத் துண்டு எல்லாம் அதே அடுப்பில். கடைசியாகக் கூடாரச் சுவரின் ஓரத்தைத் தூக்கிக் கம்பளத்தின் கனத்தைத் தொட்டுப்பார்க்கச் சொல்வாள். "ரோமத்தைப் பரப்பி, வெந்நி ஊத்தி, சுருட்டி, கயிறு கட்டி உருட்டி உருட்டி மிதிக்கணும். ஒரு கூடாரத்துக்கு ஒரு மந்தையே மொட்டையா நிக்கும்." கேட்டவர்கள் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் இந்த வருஷம் அந்த ஓரத்தைத் தூக்கிக்காட்ட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கம்பளம் நைந்துவிட்டது. பெரிய கூடாரத்தில் படுத்தால் பகலில் பொத்தல் பொத்தலாக வானம் தெரிந்தது. இன்னொரு கோடையை அது தாங்காது. மலைக்குக் கீழே கோச்கோர் ஊரில் ஒரு பயண ஏற்பாட்டுக்காரன், செப்டம்பர் நடுவில் வரும் குதிரைச் சவாரிக் குழுவுக்காக முகாம் முழுவதையும் பேசிவைத்திருந்தான். அந்தப் பணம் வந்தால் புதுக் கம்பளம். வராவிட்டால் அடுத்த வருஷம் முகாமே இல்லை. குழு வரும்வரை வரட்டி நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

வினை ஜூன் மாதமே வந்துவிட்டது. பருவம் தப்பிக் கொட்டிய ஆலங்கட்டியில் அடிபட்டு ஒரு சைக்கிள்காரன் வந்து நின்றான். உள்ளே இழுத்துச் சூடாக்கி, சோறு போட்டுப் படுக்கவைத்தார்கள். காலையில் அவன் பணத்தை நீட்டினான். ஜிப்பார் வாங்கவில்லை. "நீ குதாய் கொனோக்" என்றாள். கடவுள் அனுப்பிய விருந்தாளி. சொல்லிவைக்காமல், வழிதப்பியோ மழைக்குப் பயந்தோ வாசலுக்கு வருகிறவன். அவனிடம் காசு வாங்கினால் அந்த வீட்டு அடுப்பு விளங்காது. இதையெல்லாம் அவள் தனக்குத் தெரிந்த அரைகுறை ரஷ்ய மொழியில் பொறுமையாக விளக்கினாள். அவன் கண் கலங்கிப் போனான். போனவன் அதை இணையத்தில் எழுதிவிட்டான், முகாம் இருக்குமிடத்தோடு.

அப்புறம் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். முதுகுப் பையும் செல்போனுமாக வாசலில் நின்று, சிரித்த முகத்தோடு, உச்சரிப்பு தப்பாமல் சொன்னார்கள்: "குதாய் கொனோக்!"

முதல் தடவை ஜிப்பாருக்குச் சிரிப்பு வந்தது. ஜூலைக் கடைசியில் சிரிப்பு நின்றது.

"வெயில் மண்டையப் பிளக்குது. இவன் எந்தப் புயலுக்குப் பயந்து வந்தான்?" என்று குபாத் கத்தினான். "கேளு அவன்கிட்ட! கடவுள் எந்தப் பஸ்ல ஏத்திவிட்டாருன்னு கேளு!"

"மெதுவா பேசுங்க. உள்ள சாப்பிடறாங்க."

"சாப்பிடட்டும். நம்ம கம்பளத்தையும் பிச்சுத் தின்னட்டும். காசு கேளேன்டி!"

"நீங்க கேளுங்களேன்."

குபாத் எழுந்தான். கூடாரத்துக்குள் விறைப்பாகப் போனான். கொஞ்ச நேரம் கழித்து, குதிரைப்பால் ஊற்றிக்கொடுத்த காலிக் கிண்ணத்தோடு வெளியே வந்தான்.

பிறகு அவன் பலகையில் விலையை எழுதிப் பாதையோரம் நட்டான். வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, நேராக வாசலுக்கு வந்து அந்தச் சொல்லைச் சொன்னார்கள்.

கரையில் கொஞ்சம் தள்ளி முகாம் போட்டிருந்த சோனுன்பெக்குக்கு அந்தக் கோடை முழுக்க இதுதான் வேடிக்கை. "என்ன தங்கச்சி, கடவுளோட சொந்தக்காரங்க எல்லாரும் உங்க வீட்லதானாமே? ஒருத்தரையாவது இந்தப் பக்கம் அனுப்பக் கூடாதா?"

"அனுப்பறேண்ணே. நீங்கதான் வாசல்ல நாயைக் கட்டி வெச்சிருக்கீங்களே."

"நாயாவது பேயாவது! நான் முந்திக்கிடுவேன், அவ்வளவுதான். குதிரையில எதிர்ல போயி, 'வாங்க, படுக்கை ரெண்டாயிரம், சாப்பாட்டோட'ன்னு சொல்லிருவேன். விலை காதுல விழுந்தப்புறம் எவன் விருந்தாளி? வாடிக்கைக்காரன். பொழைக்கத் தெரிஞ்சுக்க."

அது அவள் மனதில் தைத்தது. தப்பு ஒன்றும் இல்லையே. அந்தச் சொல்லைச் சொல்லவிடாமல் யார் வாயை அடைக்கிறார்கள்? விலை கொஞ்சம் முந்திக்கொள்கிறது, அவ்வளவுதானே. ஆகஸ்ட் கடைசியில் வரட்டிக் குவியல் அவள் இடுப்புக்கு இறங்கியபோது, முந்திவிடுவது என்று முடிவு செய்தாள். மாடு கறக்கும்போதுகூட முணுமுணுத்துப் பழகினாள்: "வாங்க, ஆயிரத்து ஐந்நூறு சோம், ரெண்டு வேளைச் சாப்பாட்டோட. வாங்க, ஆயிரத்து ஐந்நூறு சோம்." இரண்டு தடவை பலித்தது. வந்தவர்கள் முகம் தொங்கிப்போனாலும் காசு கொடுத்தார்கள். குபாத் அவளைப் பெருமையாகப் பார்த்தான்.

செப்டம்பர் தொடக்கத்தில் மழையில் பனி கலந்து பெய்ய ஆரம்பித்தது. மதியம்தான், ஆனால் எதிர்க்கரை தெரியவில்லை. நாய் குரைக்கும் சத்தம் கேட்டு ஜிப்பார் வெளியே ஓடினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். குட்டையாக வெட்டிய நரைமுடி, நனைந்து ஒட்டிய சட்டை. ஜிப்பார் எதிரே போய் நின்றாள். விலை நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது, பல் கிட்டித்திருந்தது. கையைச் சைக்கிள் பிடியிலிருந்து எடுக்கப் பார்த்தாள். விரல்கள் விரியவில்லை.

ஜிப்பார் காத்திருந்தாள். அந்தப் பெண் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலாவது வேறு. இணையத்தில் கற்றுக்கொண்டு வந்தவள் என்று தெரிந்திருக்கும். மனதுக்குள் ஏசிக்கொண்டே வேலை பார்த்திருக்கலாம்.

பின்னால் குபாத் வந்து நின்றான். "சொல்லிட்டியா? விலையைச் சொல்லிட்டியா?"

ஜிப்பார் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பிரித்துக்கொண்டே, திரும்பாமல், "குதாய் கொனோக்" என்றாள்.

குபாத் திரும்பினான். போய்ப் பெரிய வாளியை எடுத்தான்.

பனிமழை விடவில்லை. அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. பாதை மூடியிருந்ததால் கீழே கொண்டுபோக வழியில்லை. பகலும் இரவும் அடுப்பு எரிந்தது. நைந்த கம்பளம் உள்ளே இருந்த சூட்டையெல்லாம் வெளியே விட்டதால் இரண்டு மடங்கு எரிந்தது. குவியலின் மேல்மூடாக்கை விலக்கும்போதெல்லாம் குபாத் கையால் அளந்து பார்த்துவிட்டு மூடுவான். காய்ச்சல் இறங்கி அவள் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்ட காலையில், குவியல் இருந்த இடத்தில் தூளும் மண்ணும்தான் கிடந்தன.

ஜிப்பார் செல்போனில் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறினாள். வரட்டி தீர்ந்துவிட்டதை அவள் சொல்ல, கோச்கோர்காரன் பொறுமையாகத்தான் கேட்டான். "அடுப்பு இல்லாத இடத்துல நான் எப்படிம்மா ஆளைத் தங்க வைப்பேன்? நீங்களே சொல்லுங்க."

"முடியாதுங்க."

"சோனுன்பெக் கிட்ட நிலக்கரி இருக்காமே?"

"இருக்கு" என்றாள். "நல்ல முகாம்தான். அனுப்புங்க."

அவள் இறங்கி வந்தபோது அந்தப் பெண் கூடாரத்துக்கு வெளியே சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கையில் கொத்தாகப் பணம். குபாத் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அது ஏதோ சுடுகிற பொருள் என்பதுபோல விலகி நின்றான்.

"வாங்க மாட்டேங்கறார்" என்று அவள் ஜிப்பாரிடம் திக்கித் திக்கி ரஷ்ய மொழியில் முறையிட்டாள். "நீங்க அன்னைக்கு ஒரு சொல் சொன்னீங்க. என் கையைப் பிடிச்சிருந்தப்ப. அது என்ன?"

ஜிப்பார் புருஷனைப் பார்த்தாள். கோடை முழுக்க அந்தச் சொல்லைத் திட்டித் தீர்த்தவன். வேண்டாம் என்று தலையை ஆட்டுவான் என்று நினைத்தாள். ஆட்டினால் தானும் சும்மா இருந்துவிடலாம்.

குபாத் தொண்டையைச் செருமிக்கொண்டான். "குதாய் கொனோக்" என்றான், நெஞ்சை நிமிர்த்தி. "அப்படின்னா என்ன தெரியுமா? உக்காருங்க, சொல்றேன்." அந்தப் பெண் செல்போனை எடுத்து எழுத ஆரம்பித்தாள். "இல்ல இல்ல, அப்படி இல்ல. கொ-னோக். கடைசியில அழுத்தணும்."

ஜிப்பார் பெரிய கூடாரத்துக்குள் போனாள். அடுப்பு ஆறிக்கிடந்தது. முதலில் கூரைக் கம்பளத்தை இறக்க வேண்டும், அப்புறம் சுவர், கூரை உச்சி வளையம் கடைசியில். முதல் முடிச்சை அவிழ்க்கக் கையை உயர்த்தினாள். வெளியே குபாத் இன்னும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.