அகரவரிசையில் ஒரு மூளை

மனித மூளை சொற்களை அகரவரிசையில்தான் அடுக்கி வைத்திருக்கிறது. கண்டுபிடித்தவன் நான். கல்லூரிக் கருத்தரங்கில் இருபது நிமிடம் பேசி நிரூபித்தும் விட்டேன். பாதியில் பேராசிரியர் எழுந்து போனது வியப்பு தாங்காமல்.

இதற்கு ஒரே எதிர்ச்சான்று என் அத்தான். குழாய் வேலை செய்பவர். எந்தச் சாமானுக்கும் நேராகப் பெயர் வராது. "மாப்ள, அத எடு. வாயப் பொளந்துகிட்டு இருக்குமே, கழுத்துல திருகு இருக்குமே" என்று விரலால் காற்றில் படம் வரைவார்.

"ஸ்பேனர்னு சொன்னா நாக்கு சுளுக்கிக்குமா அத்தான்? மூளையில 'ஸ'வைத் திறங்க."

"போடா. எனக்குச் சாமான்தான் முதல்ல வரும். பேரு பின்னாடி மெதுவா வரும்."

ஞாயிறு காலை, அக்கா வேலைக்குப் போயிருந்தாள். சுவரில் கசியும் குழாயைப் பார்க்க அத்தான் துணி அலமாரியைக் காலி செய்து நகர்த்தியிருந்தார். அவருடைய இரண்டு வயது மகள் துணிக்குவியலில் விளையாடினாள். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. நானோ என் கருத்தரங்கப் பேச்சை போனில் நாலாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இருமல் சத்தம். அத்தான் பாய்ந்து அவளைத் தூக்கினார். மூச்சு வந்தது. வாயில் அலமாரித் துணியின் அந்த வாடை அடித்தது.

"முழுங்கிட்டாடா! போன் போடு!"

ஆம்புலன்ஸ் எண்ணில் ஒரு பெண் எடுத்தார். முகவரி கேட்டார், சொன்னேன்.

"குழந்தை என்ன முழுங்குச்சு சார்?"

பொருள் கண்முன்னே நின்றது. பெயர் வரவில்லை. முறைப்படி அ-வில் தொடங்கினேன். அகல், அடுப்பு, அண்டா, அரிவாள். ஆணி. இடுக்கி...

"சார், என்னன்னு தெரிஞ்சாதான் என்ன செய்யணும்னு சொல்ல முடியும்."

"தேடிட்டிருக்கேன் மேடம்."

"என்னத்தத் தேடுறீங்க?"

"ஈ-க்கு வந்துட்டேன்."

"டேய், பாப்பா துவளுறாடா!" அத்தான் குரல் உடைந்தது.

நான் குரலைத் தாழ்த்தினேன். "மேடம்... துணிக்கு நடுவுல போடுவாங்களே. வெள்ளையா இருக்குமே. பூச்சி வராம. அலமாரியத் திறந்தா மூக்குல ஏறுமே..."

"அந்துருண்டையா?"

"அதேதான்!"

"வாந்தி எடுக்க வைக்காதீங்க. குடிக்க எதுவும் கொடுக்காதீங்க. வண்டி கிளம்பிடுச்சு. எவ்வளவு பெருசு சார்?"

போனில் தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காற்றில் பிடித்தேன்.

"இவ்ளோ பெருசு மேடம்."