செபுக்வாவில் வீசிய பழவாசனை

நாடு தழுவிய வாக்கெடுப்புக்கு மறுநாள் காலை, செபுக்வா சந்தையில் ஒவ்வொருவர் மேலும் அவரவர் வாக்களித்த பழத்தின் வாசனை அடித்தது. புதிய அரசியலமைப்பு வேண்டும் என்பவர்களுக்கு வாழைப்பழம், வேண்டாம் என்பவர்களுக்கு ஆரஞ்சு என்று சின்னங்கள். அந்த ஆண்டு கென்யாவில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும். வாக்கு ரகசியமாக இருக்கும் என்று வானொலி சொல்லியிருந்தது. வாசனையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

இதில் அதிகம் மாட்டிக்கொண்டவர் ஜப்லோன் சிமியு. அரசாங்கம் நியமித்த ஊர்த் துணைத் தலைவர் என்பதால், ஒலிபெருக்கியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, தொண்டை கட்டும்வரை ஊர் ஊராக வாழைப்பழத்துக்கு ஆதரவு கேட்டவர். அன்று விடிகையில் கட்டிலில் அவர் படுத்திருந்த பக்கத்திலிருந்து, அப்போதுதான் உரித்த ஆரஞ்சின் வாசனை கூரைத் தகரம்வரை எழும்பியது. மறுபக்கம் அவர் மனைவி நாலியாகா, கனிந்த வாழைத்தாராக மணத்துக்கொண்டிருந்தாள்.

"வஃபூலா அப்பா, நீங்க சொன்னீங்கன்னுதானே நான் வாழைப்பழத்துக்குப் போட்டேன்?"

"ஆமா."

"அப்ப நீங்க?"

"கை தவறிடுச்சு."

"கை தவறினதுக்கா இந்த மணம் மணக்குது?"

ஜப்லோன் மண்ணெண்ணெய் தடவிப் பார்த்தார். ஆட்டுக்கொட்டிலில் படுத்துப் பார்த்தார். ஆடுகள் ஆரஞ்சாக மணத்தன. கடைசியில் கோட்டுப் பைகள் இரண்டிலும் வாழைப்பழத்தை நசுக்கிப் போட்டுக்கொண்டு, வேலை போகப்போகிறது என்ற முகத்தோடு மாவட்ட அதிகாரியின் அறைக்குப் போனார். அரசாங்கம் தோற்றிருந்தது, தலைநகரில் அமைச்சரவையே கலைந்திருந்தது. அதிகாரி அத்தரில் குளித்தவர்போல் உட்கார்ந்திருந்தார். அத்தருக்கு அடியில் ஆரஞ்சு இருந்தது.

"ஜன்னலைத் திறங்க," என்றார் அதிகாரி.

"வாசனை வெளிய போயிடும் ஐயா."

"அப்ப மூடியே இருக்கட்டும்."

ஜப்லோனின் வேலை நிலைத்தது.

வாசனை வாக்கோடு நின்றுவிடவும் இல்லை. மனம் மாறினால் அதுவும் மாறியது. உரவிலை ஏறிய அன்று, காலையில் வாழையாக வந்தவர்கள் மதியத்துக்குள் ஆரஞ்சானார்கள். தார்ச்சாலை போட்டபோது ஊரே வாழைத்தோப்பாக மணத்தது. முதல் மழையில் தார் கரைந்தது, வாழையும் கரைந்தது. ஆரஞ்சு ஜெயித்தால் விடிந்துவிடும் என்றிருந்தவர்கள், சர்க்கரையில்லாத தேநீரைக் குடித்துக்கொண்டே இன்ன பழமென்று சொல்ல முடியாமல் மணத்தார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, மக்கள் கருத்தை அறிய நைரோபியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நாடு போகிற போக்கில் திருப்தியா என்று கேட்டாள். கூட வந்தவர் துணைத் தலைவர் என்பதால் எல்லோரும் "ரொம்பத் திருப்தி" என்றார்கள். ஆரஞ்சு நெடியில் அவளுக்குக் கண் எரிந்தது; துடைத்துக்கொண்டு, திருப்தி என்றே எழுதினாள். கடைசியாக ஜப்லோன் வீட்டுக்கே, நாலியாகாவிடம் வந்தாள்.

"அவளுக்கும் அதேதான், எழுதிக்கம்மா," என்றார் ஜப்லோன்.

நாலியாகா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள். "என்னைத்தானே கேக்குது அந்தப் பொண்ணு? மேல உக்கார்றவன் மாறுறான், நான் தண்ணிக்கு நடக்குற தூரம் மாறல. வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. இன்னும் யோசிக்கிறேன்னு எழுது."

அவள் சொல்லி முடிக்கையில், வாழையும் ஆரஞ்சும் இல்லாத ஒரு வாசனை அறையில் பரவியது. நெருப்பில் வாட்டிய மக்காச்சோளக் கதிரின் வாசனை. அடுப்பில் என்ன என்று விசாரித்துக்கொண்டு பக்கத்துவீட்டார் வந்துவிட்டார்கள்.

"என்ன வாசனை இது, வஃபூலா அம்மா?" என்று கேட்டார் ஜப்லோன்.

"எனக்குத் தோணுறது."

அடுத்த அறுவடைக்குள் சந்தையில் பாதிப் பெண்கள் அப்படி மணத்தார்கள். தேர்தல் அதிகாரிகள் தேடிப் பார்த்தார்கள். எந்தச் சீட்டிலும் அந்தச் சின்னம் இல்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாலே ஜப்லோனுக்குப் பசி எடுத்தது. அதனால் அந்த வீட்டில் ராச்சாப்பாட்டைப் பொழுது சாயுமுன்பே வைத்துக்கொண்டார்கள். நாலியாகாவுக்கு யோசிக்க நிறைய இருந்ததால், அடுப்பை ஜப்லோன் மூட்டினார்.