போன வாரத்து ராகம்

எங்கள் சுரியானிக் கிறிஸ்தவக் கோயிலில் பாட்டு ஒரு பக்கமாக நடக்காது. பீடத்துக்கு முன்னால் வடக்கே ஒரு புத்தகப் பலகை, தெற்கே ஒரு புத்தகப் பலகை. வடக்கே ஓர் அடி பாடினால் அடுத்த அடியைத் தெற்கே பாட வேண்டும். என் கல்யாணத்தன்று பக்கத்துக்குப் பதினைந்து ஆண்கள் நின்றார்கள். பிறகு ஜெர்மனி, ஸ்வீடன் என்று ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு போனார்கள். துருக்கியில் மித்யாத் நகரத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் இப்போது அடுப்பெரியும் வீடுகள் ஐந்து. பலகையில் நின்று பாடுவது ஆண்கள்தான், பாடத் தெரிந்த ஆண்களில் மிஞ்சியது இரண்டே பேர். வடக்கே லஹ்தோ, அதாவது நான். தெற்கே ஷாபோ.

எனக்கும் ஷாபோவுக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் திராட்சைத் தோட்டமும் அல்ல, கிணறும் அல்ல. எங்கள் பாட்டுகளுக்கு எட்டு ராகம், வாரத்துக்கு ஒன்றாக மாறி வரும். என் அம்மாவின் நாற்பதாம் நாள் பூசையில், இருந்த துக்கத்தில், நான் போன வாரத்து ராகத்தில் எடுத்துவிட்டேன். வெளியூர் உறவுக்காரர்கள் எல்லாம் நிற்கிறார்கள். ஷாபோ கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினான்.

"லஹ்தோ, அது போன வாரத்து ராகம்டா. மறுபடி எடு."

மறுபடி எடுத்தேன். அன்றோடு சரி. அவன் சொன்னது தப்பாக இருந்திருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பேன். அவனும் ஒரு நாள் தப்பாக எடுக்காமலா போவான் என்று காத்திருந்தேன். பாவி, ஒன்பது வருடமாக எடுக்கவே இல்லை.

பூசையின் நடுவே எங்கள் பாதிரியார் அபூனாவின் கையைத் தொட்டு வாங்கும் சமாதானம், ஒருவர் கையை ஒருவர் தொட்டுக் கைக்குக் கை மாறி வர வேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவில் கவ்ரியே என்று ஒருவர் நின்று, என்னிடம் வாங்கி ஷாபோவிடம் கொடுப்பார். போன குளிர்காலத்தில் அவரும் மகனிடம் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் பின்னால் போய் என் மனைவி ஷ்மூனியிடம் கொடுப்பேன். அவள் ஷாபோவின் மனைவி ஹப்சூனோவிடம் கொடுப்பாள், ஹப்சூனோ புருஷனிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

"பத்தடி தள்ளி நிக்கிற மனுஷனுக்கு சமாதானம் ஊரைச் சுத்திப் போகுது. ஆண்டவருக்கே கால் வலிக்கும்ங்க," என்பாள் ஷ்மூனி.

ஷாபோவும் கிளம்புகிறான் என்ற செய்தியை அவள்தான் ரொட்டி சுடும் இடத்திலிருந்து கொண்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை பயணம், ஸ்வீடனில் மகள் வீடு.

"போகட்டும். காது குளிரும்," என்றேன்.

"உங்க காது குளிர்றது இருக்கட்டும். உங்களுக்கு யாரு பதில் பாடுறது?"

அதைத்தான் அபூனாவும் கேட்டார். மூன்று ஊருக்கு அவர் ஒருவர்தான். "பதில் சொல்ல ஆள் இல்லாம வாராவாரம் பூசை எப்படி மாமா வைக்கிறது? இனி பெருநாளுக்கு மட்டும் வர்றேனே," என்றார் தயங்கித் தயங்கி.  ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஊரில் நான் எதற்கு இருக்க வேண்டும்? ஷாபோவின் முகம் எனக்கு வேண்டாம், ஆனால் அவன் குரல் வேண்டும். இதைப் போய் யாரிடம் சொல்வது?

ஷாபோவின் கடைசி ஞாயிறு. அன்று முதல் அடி தெற்கேயிருந்து எடுக்க வேண்டிய முறை. ஷாபோ தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தான்.

போன வாரத்து ராகம்.

அபூனா திரும்பிப் பார்த்தார். ஒன்பது வருடமாக நான் தீட்டி வைத்திருந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, கைகூட பாதி எழும்பிவிட்டது. அப்போதுதான் அவனைப் பார்த்தேன். கண் புத்தகத்தில் இல்லை. சுவரை, விளக்கை, கூரையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே பாடினான். அம்மாவின் நாற்பதாம் நாளில் எனக்கும் புத்தகம் தெரியவில்லை.

கையை இறக்கிக்கொண்டேன். அவன் எடுத்த ராகத்திலேயே என் அடியைப் பாடினேன்.

அதைக் கேட்டதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று என்னைப் பார்த்தான், காது மடல் சிவந்தது. நான் நிறுத்தவில்லை. கடைசி அடி வரை இரண்டு பேரும் தப்பாகவே பாடினோம், அதுவும் நன்றாகவே பாடினோம்.

சமாதான நேரம் வந்தது. அபூனாவின் கையைத் தொட்டு வாங்கிக்கொண்டு வழக்கம்போலப் பின்னால் திரும்பினேன். ஷாபோ பலகையை விட்டு வந்து எனக்கு எதிரில் நின்றான். இரண்டு கையையும் நீட்டினான்.

"போன வாரத்து ராகம்டா அது," என்றான் மெதுவாக.

"தெரியும்."

"தெரிஞ்சுமா பாடினே?"

"நீ எடுத்துட்டே. பதில் சொல்ல ஒருத்தன் வேணாமா?"

கையை விடாமல் நின்றோம். பின்னால் ஹப்சூனோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை கார் வரை அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவ்வளவு பேச்சு பாக்கி இருந்தும், வழியெல்லாம் பெட்டியின் எடையைப் பற்றித்தான் பேசினோம்.

அடுத்த ஞாயிறு, இதுவே கடைசி என்று சொல்லிக்கொண்டு அபூனா வந்தார். வடக்கே நின்று முதல் அடியை எடுத்தேன். தெற்கே வெறும் பலகை. அந்த இடைவெளியை எதைப் போட்டு நிரப்புவதென்று தெரியாமல் நின்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து செருப்பில்லாத காலடிச் சத்தம் கேட்டது. ஷ்மூனி நேராகத் தெற்குப் பலகைக்குப் போய் நின்றாள். நாற்பது வருடம் பின்னால் நின்று கேட்ட பாட்டு. புத்தகத்தைப் பார்க்காமலே அடுத்த அடியைப் பாடினாள்.

அபூனா பூசையைத் தொடர்ந்தார். பூசை முடிந்து அங்கியை மடிக்கும்போதுதான் வாயைத் திறந்தார். "அடுத்த ஞாயிறும் வர்றேன் மாமா. அத்தையைத் தொண்டையைப் பாத்துக்கச் சொல்லுங்க."

ராகம் சரியாகத்தான் இருந்தது. இரண்டாம் அடியில் மட்டும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். ஷாபோ இருந்திருந்தால் கையைத் தூக்கி நிறுத்தியிருப்பான். நிறுத்த மாட்டானா என்று என்னை அறியாமல் தெற்குப் பக்கம் பார்த்தேன்.