தகடு அறைந்த மெஷின்

புது மெஷினுக்குக் கேட்ட கடனுக்காகச் சேமிப்புச் சங்கத்திலிருந்து தையல் அறையைப் பார்வையிட வருகிறார்கள் என்று மோப்பம் பிடித்ததிலிருந்து தையல்காரியின் கணவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் வேன் ஓட்டுபவன். வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தினால்தான் வாடகைக்குக் கூப்பிடுவார்கள் என்பது அவன் கண்ட உலகம். மனைவியின் அறையில் காலால் மிதிக்கிற பழைய மெஷின் ஒன்று மட்டும் நிற்பதைப் பார்த்தான்.

"இந்தப் பஞ்சப்பாட்டு அறைய நம்பி எவன் கடன் குடுப்பான்?" என்று சொல்லிவிட்டுப் போய், பக்கத்துத் தெருவிலிருந்த தன் அக்காவின் மின்மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்த மெஷினும் சங்கக் கடனில் வாங்கியதுதான். நாத்தனாருக்கு ஜாமீன் போட்டவளே தையல்காரிதான். கடன் முடிகிறவரை வாங்கினவரின் வேலையிடத்தை விட்டு மெஷின் நகரக்கூடாது. நகர்ந்தால் மீதியை மொத்தமாகக் கட்ட வேண்டும். இதெல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டாள். ஊழியர்களுக்குச் சட்டை தைக்கும் வேலையைத் தருவதாக ஒரு மருத்துவமனை சொல்லியிருந்தது. இன்னொரு மெஷின் இருந்தால்தான் அது கிடைக்கும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். கிழிசல் தைத்தே காலம் தள்ளினவளுக்கு அப்படி ஒரு வேலை மறுபடி வாசல் தேடி வராது. ஆசை வந்துவிட்டால் அது நல்லவர்களின் கண்ணையும் கொஞ்சம் மறைத்துத்தான் விடுகிறது. வேலை நாளில் நாத்தனார் மறுபேச்சில்லாமல் மெஷினைக் கொடுத்துவிட்டாளே, ஏன் என்றாவது யோசித்திருக்கலாம். அதையும் யோசிக்கவில்லை.

சங்கத்தின் தலைவி வந்தாள். ரொட்டிக்கடை நடத்துகிறவள், ஏமாற்றுகிறவர்களை மூக்காலேயே கண்டுபிடிப்பாள் என்று பேர். விண்ணப்பத்தைப் பார்த்தாள், அறையைப் பார்த்தாள்.

"கால்மெஷின் ஒண்ணுதான் இருக்குன்னு எழுதியிருக்கே. அப்ப இது?"

"நேத்துதான் வாங்கினோம்," என்றான் கணவன். அவனை யாரும் கேட்கவில்லை.

தலைவி குனிந்து மெஷினின் அடியில் கையை விட்டுத் தடவினாள். சங்கக் கடனில் வாங்கிய பொருள் எல்லாவற்றிலும் ஒரு சின்னத் தகரத் தகடு அறைந்திருப்பார்கள். அது விரலில் தட்டுப்பட்டது. வேன்காரன் முகத்தில் ஈயாடவில்லை.

"என் நாத்தனாரோடது," என்றாள் தையல்காரி. "அறை வெறிச்சுன்னு இருக்கேன்னு கொண்டு வந்தோம். தெரிஞ்சே செஞ்ச தப்பு, என் தப்புதான். எனக்குக் கடன் வேணாம்னு எழுதிக்குங்க. அவங்கள மட்டும் ஒண்ணும் கேட்டுடாதீங்க."

தலைவி ஊசியைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் துரு ஒட்டியது.

"இது ஓடி ரொம்ப நாளாச்சு. உனக்குத் தெரியாதா?"

தையல்காரிக்குத் தெரியாது. இத்தனை நாளும் தவணை ஒழுங்காகக் கட்டப்பட்டு வந்ததே!

மூன்று பேரும் நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்தவளின் கைகள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. முகத்தை மிக அருகில் கொண்டுவந்து பார்த்த பிறகுதான், வந்திருப்பது தம்பி பெண்டாட்டி என்று தெரிந்துகொண்டாள். அந்த ஒரு பார்வையில் தையல்காரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கண்ணுல புரை. ஊசியில நூல் கோக்க முடியல," என்றாள் நாத்தனார். "ஓட்டல்ல பாத்திரம் கழுவித் தவணையக் கட்டிட்டு வரேன்."

"ஏன் அண்ணி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ கட்டுறேன்னு நிப்ப. நான் கட்டாம விட்டாலும் உன் தலையிலதான் விழும். ஜாமீன் போட்ட கடன் நின்னு போச்சுன்னா உனக்கு எப்படிடி கடன் குடுப்பாங்க?"

கணவன் திண்டாடிப்போய்த் தரையைப் பார்த்தான். தையல்காரி அந்த வெளுத்த கைகளைப் பிடித்துக்கொண்டு, வெட்கப்படாமல் அழுதாள். பிறகு தலைவியின் பக்கம் திரும்பினாள்.

"இவங்க மீதிக் கடன என் பேருக்கு மாத்திடுங்க. மெஷின் என் அறையிலயே இருக்கட்டும், ஆஸ்பத்திரி வேலைக்கு அது போதும். நான் கேட்ட கடன இவங்க கண்ணு ஆப்பரேஷனுக்குக் குடுங்க."

"தொழிலுக்குத்தாம்மா சங்கம் கடன் குடுக்கும். வைத்தியத்துக்கு இல்ல."

"நூல் கோக்கிற கண்ணு தொழிலுக்கில்லாம வேற எதுக்கு? ரெண்டு மெஷின் இருந்தா ரெண்டு பேர் உக்காரணும். அந்த மெஷின்ல உக்காரப்போறது இவங்கதான்."

தலைவி விண்ணப்பத்தை விரித்தாள். விதியை மீறியவர்கள் எதிரில் நிற்கிறார்கள். இத்தனை நேர்மையாகக் கடன் கட்டியவர்களும் அவர்களேதான். கடைசியில் பேனாவை எடுத்து விண்ணப்பத்தில் 'மெஷின்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'கண்' என்று எழுதினாள்.

"குழுவுல நான் பேசிக்கிறேன்," என்றவள், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டே கேட்டாள்: "சரி, தகட எங்க அறையிறது?"

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் நெத்தியிலயே அறைஞ்சிடுங்கம்மா. கடன் முடியிறவரைக்கும் இவ அறைய விட்டு நகர மாட்டேன்."